மன்றத்துக்கு எட்டாத நாற்றம்

மணவிழா ஒன்றுக்குச் சென்றிருந்தோம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய சிற்றூர். புரோகிதர் இல்லை, ஓமகுண்டம் இல்லை. மாலையும் வாழ்த்துரையும் மட்டுமே கொண்ட சுயமரியாதைத் திருமணம். முதல் நாள் மாலை பந்தலுக்கு வெள்ளைத் துணி கட்டினார்கள். மறுநாள் காலை நாம் எழுந்து வந்து பார்த்தபோது, அந்த வெள்ளைத் துணியின்மீது மெல்லிய கறுப்புப் படலம் படிந்திருந்தது. விரலால் தொட்டோம். விரல் கறுத்தது.

பக்கத்தில் நின்ற நண்பர் நகைத்தார். "ஓமப் புகையை ஒழித்துவிட்டோம், தோழரே! ஆலைப் புகையை யார் ஒழிப்பது?"

நாமும் நகைத்தோம். ஆனால் அந்த நகைப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. விருந்தினருக்கான நாற்காலிகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர், நம்மை உற்றுப் பார்த்துவிட்டு அருகே வந்தார்.

"ஐயா, சில ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தீர்களே, நினைவிருக்கிறதா? நான் எழுந்து பேசினேன். நீங்கள் முன்வரிசையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தீர்கள். என்ன ஆயிற்று, ஐயா?"

என்ன ஆயிற்று! இரண்டே சொற்கள். நம்மிடம் விடை இல்லை. இந்தக் கட்டுரை அந்த அம்மையாருக்கு நாம் பட்டிருக்கும் கடன்.

அந்தக் கூட்டம் இதுதான்: அப்பகுதி ஆலை ஒன்றின் விரிவாக்கத்துக்காக நடந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். மேடை இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது, ஒளிப்படக் கருவி சுழன்றது. மேசைமீது தடித்த அறிக்கை ஒன்று கிடந்தது. அதன் சுருக்கம் மட்டுமே தமிழில். உள்ளடக்கம் முழுவதும் ஆங்கிலம். தன் வீட்டுக் கிணற்றைப் பற்றி எழுதப்பட்ட ஏட்டைத் தானே படிக்க முடியாத மக்கள், அந்த ஏட்டைப் பற்றிக் கருத்துக் கூற வந்திருந்தனர். அம்மையார் எழுந்தார். "பகலில் புகை குறைவு, இரவில் அதிகம். அதிகாரிகள் பகலில் வருகிறார்கள். ஒரே ஒரு நாள் இரவில் வந்து பாருங்கள்" என்றார். கைதட்டல் எழுந்தது. "தங்கள் கருத்துப் பதிவு செய்யப்பட்டது" என்றார் மேடையிலிருந்த அதிகாரி. நாமும் குறித்துக்கொண்டோம். வண்டியேறி வீடு திரும்பினோம்.

பிறகு?

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இதற்கென வழிமுறை வகுத்திருக்கிறது. கூட்டத்தில் எழுந்த கேள்விகளும் அவற்றுக்குக் கிடைத்த விடைகளும் மக்களின் மொழியில் தொகுக்கப்பட வேண்டும். நடவடிக்கைக் குறிப்பு ஊராட்சி அலுவலகத்தில் அனைவரும் காணும்படி வைக்கப்பட வேண்டும். நாம் சென்று பார்த்தோமா? இல்லை. படி கேட்டோமா? இல்லை. தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடம், "இதை மன்றத்தில் கேள்வியாகக் கேளுங்கள்" என்று ஓர் அஞ்சலட்டையேனும் எழுதினோமா? அதுவும் இல்லை. ஆட்சியாளர் மறந்தனர் என்று மேடையேறிக் குற்றம் சாட்டும் நாம், அவர்களுக்கு முன்பே மறந்துவிட்டோம். இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்றவற்றைப் பேச நமக்கு உரிமை உண்டு.

கூட்டத்தின் குறைகளிலும் ஒன்றைக் கவனியுங்கள். நாடாளுமன்றமோ சட்டமன்றமோ நடைபெற, மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் அவையில் இருந்தாக வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. 543 உறுப்பினர் கொண்ட மக்களவைக்கு 55 பேர். 234 பேர் கொண்ட நம் சட்டமன்றத்துக்கு 24 பேர். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு? குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற விதியே இல்லை. ஊரில் ஒருவரும் வராவிடினும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு! மக்களின் பிரதிநிதி பேச வேண்டுமானால் எண்ணிக்கை தேவை. மக்களே பேசுவதற்கு எண்ணிக்கை தேவையில்லையாம்!

இங்கே ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறோம். ஆண்டு 1858. இடம் இலண்டன். தேம்சு ஆற்றில் மாநகரின் கழிவெல்லாம் கலந்து, ஆறு சாக்கடையாகிக் கிடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் வாந்திபேதியால் ஏழை எளியோர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். பாராளுமன்றம் பேசியது, குழு அமைத்தது, மீண்டும் பேசியது. முழுமையான பரிகாரம் மட்டும் பிறக்கவில்லை. 1858-ஆம் ஆண்டுக் கோடையில் வெயில் கடுமையாயிற்று. ஆறு பொங்கி நாறியது. பாராளுமன்றக் கட்டடமோ ஆற்றங்கரையிலேயே நிற்கிறது. சன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடுக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், பயனில்லை. கனவான்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினர். அவ்வளவுதான்! சூலைத் திங்களின் நடுவில் கொண்டுவரப்பட்ட சட்ட முன்வடிவு 18 நாள்களில் சட்டமாயிற்று. பசால்செட் என்ற பொறியாளரின் தலைமையில் நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய்கள் உருவாயின. அவை இன்றளவும் இலண்டனுக்குப் பயன்பட்டு வருகின்றன.

ஏழையின் பிணம் செய்யாததைச் சீமானின் மூக்கு செய்தது. இதிலிருந்து நாம் பெறும் பாடம் இரண்டு. சட்டமியற்றும் மன்றம் மனம் வைத்தால் 18 நாள்களில் ஆற்றின் விதியையே மாற்றலாம் என்பது ஒன்று. துன்பம் தன்னைத் தீண்டும்வரை மன்றம் மனம் வைப்பதில்லை என்பது மற்றொன்று.

கும்மிடிப்பூண்டிக்கும் கோட்டைக்கும் இடையே ஏறத்தாழ 45 கிலோமீட்டர். டில்லிக்கோ 2,000 கிலோமீட்டருக்கும் மேல். பந்தல் துணியைக் கறுக்கச் செய்த துகள் அங்கே போய் எவருடைய சட்டையிலும் படியப் போவதில்லை. அதைவிடப் பெரிய இக்கட்டும் உண்டு. புவியைச் சூடாக்கும் கரியமில வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. மன்றத்துக்குள்ளேயே அது புகுந்தாலும் எந்த மூக்கும் சுளியாது. அப்படியானால், நாற்றம் எட்டாத மன்றத்துக்கு நாற்றத்தை உணர்த்துவது எது?

இதற்கு விடை காணுமுன், ஊழலையும் காலநிலை மாற்றத்தையும் ஏன் ஒருசேரப் பேசுகிறோம் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். ஒன்று பணப்பெட்டியைப் பற்றியது, மற்றொன்று வானத்தைப் பற்றியது என்பது அவர்கள் எண்ணம். அம்மையாரின் பேச்சை மறுபடி நினைத்துப் பாருங்கள். பகலில் குறைவு, இரவில் அதிகம். புகையை வடிகட்டும் கருவி ஓடினால் மின்கட்டணம் ஏறும், நிறுத்தினால் மிச்சம். நேர்மையான மேற்பார்வையாளர் இருக்கும் இடத்தில் அந்த மிச்சத்துக்கு ஆசைப்பட முடியாது. கையெழுத்து விலைக்குக் கிடைக்கும் இடத்தில், அந்த மிச்சத்தில் ஒரு பகுதி கையெழுத்துக்கு விலையாகிறது. எந்த ஆலை, எந்த அதிகாரி என்று நாம் இங்கே சுட்டவில்லை. இலஞ்சம் புகையாக மாறும் முறையைச் சொல்கிறோம். மணல், ஏரி, சதுப்பு நிலம், நிலக்கரி என எங்கு நோக்கினும் இதே முறைதான். அளவைக் குறைத்து எழுதுகிறது ஒரு கை. அதைக் கண்டும் காணாதிருக்கிறது மற்றொரு கை.

மற்ற ஊழலுக்கும் இந்த ஊழலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கையூட்டாக வாங்கிய பணத்தை வழக்கு மன்றம் பறிமுதல் செய்யலாம். கட்டிய மாளிகையை ஏலத்தில் விடலாம். வானில் ஏறிவிட்ட கரியை எந்த வழக்கு மன்றத்தாலும் பறிமுதல் செய்ய முடியாது. கரியமில வாயுவில் கணிசமான பகுதி நூற்றாண்டுகளுக்குக் காற்றிலேயே தங்கும். வாங்கியவன் மாண்டு, கொடுத்தவன் மாண்டு, அவர்களுடைய பேரன் பேத்தியர் மூப்படைந்த பிறகும் அந்த இலஞ்சம் வானில் நின்று வெப்பம் ஏற்றிக்கொண்டிருக்கும்.

மண ஊரில் முதியவர் ஒருவர், "எல்லாம் கலி முற்றிப் போனதால் வந்தது, தம்பி, மழையும் தப்பிப் பெய்கிறது" என்றார். பெரியவர்மீது நமக்கு மதிப்பு உண்டு. அவர் சொன்ன காரணத்தின்மீது இல்லை. முற்றியது கலி அல்ல, கரி! காற்றின் வெப்பம் 1 பாகை செல்சியசு கூடினால், அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரம் பெய்யும்போது பேய்மழையாகப் பெய்கிறது. 2023-ஆம் ஆண்டு திசம்பர் முதல் வாரத்தில் மிக்சாம் புயலின்போது சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் வெள்ளத்தில் தத்தளித்தன. அந்த வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் தார்போல அப்பியது. மழையைக் கொண்டுவந்தது இயற்கை. எண்ணெயையும் இயற்கையா கொண்டுவந்தது? அதே திங்களின் இறுதியில், நள்ளிரவில், எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினர். விதியின்மீது பழி போட்டால் குற்றவாளிக்கு நல்ல விடுதலை!

ஆலை வேண்டாம் என்பது நம் கட்சியன்று. தென்னாட்டுக்குத் தொழில் வேண்டும், நம் இளைஞர்க்கு வேலை வேண்டும் என்று மேடைதோறும் முழங்கிய இயக்கத்தின் பிள்ளைகள் நாம். 1971-இல் சிப்காட் நிறுவனம் தோன்றியதும், கும்மிடிப்பூண்டியிலும் பின்னர் தேர்வாய்க்கண்டிகையிலும் தொழிற்பேட்டைகள் எழுந்ததும் அந்த வேட்கையின் விளைவுகளே. தேர்வாய்க்கண்டிகையில் மேய்ச்சல் நிலத்தை இழக்க மறுத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள் போராடியதையும் இங்கே மறைக்க மாட்டோம். உரிமைக்காகக் கேட்ட தொழில், உரிமை இழந்தவனின் நிலத்தின்மீதும் மூச்சின்மீதும் நிற்குமானால், கேட்டவர்களுக்கே அதைத் திருத்தும் பொறுப்பும் உண்டு.

இனி மன்றத்துக்கு வருவோம். நாற்றத்தை உணர்த்தும் கருவி மன்றத்திடமே இருக்கிறது. அதன் பெயர் கேள்வி.

1957-ஆம் ஆண்டு திசம்பரில் நடந்ததைக் கேளுங்கள். ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றி ஓராண்டே ஆகியிருந்த காலம். அரிதாசு முந்த்ரா என்பவரின் தள்ளாடும் நிறுவனங்களில் அக்கழகம் ஒரு கோடியே இருபது இலட்சம் ரூபாய்க்கு மேல் முதலீடு செய்தது. அது யாருடைய பணம்? காப்பீடு கட்டிய எளிய மக்களின் பணம். மக்களவையில் அதை எழுப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஆளும் காங்கிரசின் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன், பெரோசு காந்தி. நீதிபதி சாக்ளா வெளிப்படையாக விசாரணை நடத்தினார். மக்கள் திரண்டு சென்று கேட்டனர். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். கட்சிக் கட்டுக்கு அஞ்சாத ஓர் உறுப்பினரின் நா, மாமனாரின் அமைச்சரவையையே உலுக்கியது.

அதற்கும் முன்பு, 1951-இல், தற்காலிக நாடாளுமன்றம் தன் உறுப்பினரான முத்கல் என்பவரைத் தானே விசாரித்தது. வணிகர் சங்கம் ஒன்றிடம் பணம் பெற்றுக்கொண்டு அவையில் அவர்களுக்காகச் செயற்பட்டார் என்பது குற்றச்சாட்டு. உண்மை என்று கண்டதும் அவர் வெளியேற நேர்ந்தது. 2005-இல் கேள்வி கேட்கப் பணம் வாங்கிய 11 உறுப்பினர்களை நாடாளுமன்றம் நீக்கியது. நம் தமிழகத்தவரான கே. சந்தானம் தலைமையில் 1962-இல் அமைந்த ஊழல் தடுப்புக் குழுவில் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இருந்தனர். அதன் பரிந்துரையால் 1964-இல் மத்திய விழிப்பணி ஆணையம் பிறந்தது. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளித்ததும் 1967-இல் நம் சட்டமன்றந்தானே! மன்றத்தால் ஒன்றும் ஆகாது என்று உதட்டைப் பிதுக்குவது பகுத்தறிவாகாது. ஆகும். ஆனால் அது தானாக ஆகாது.

இன்று அந்தக் கருவி எப்படி இருக்கிறது? 1952 முதல் 1957 வரை இருந்த முதல் மக்களவை 677 நாள்கள் கூடியது. 2019 முதல் 2024 வரை இருந்த 17-ஆவது மக்களவை கூடிய நாள்கள் 274. முழு ஆயுளும் வாழ்ந்த மக்களவைகளுள் இதுவே மிகக் குறைவு. அந்த ஐந்தாண்டில் குழுக்களின் ஆய்வுக்கு அனுப்பப்பட்ட சட்ட முன்வடிவுகள் நூற்றுக்கு 16 அளவிலேயே. மூக்கு இருக்கிறது; மூச்சு விடத்தான் நேரமில்லை!

மன்றம் சட்டம் செய்கிறது. சட்டத்தின் உயிரோ அறிவிக்கையில் இருக்கிறது. 1984 திசம்பரில் போபாலில் நச்சுக்காற்று ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன் பின்னர் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் கடற்கரை விதிகளையும், தாக்க மதிப்பீட்டு விதிகளையும் அமைச்சகம் அறிவிக்கையாகவே வெளியிட்டு வருகிறது. முழு விவாதமின்றி மாற்றவும் செய்கிறது. 2020-இல் தாக்க மதிப்பீட்டுக்கான புதிய வரைவு வந்தபோது அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. தமிழன் மூச்சைப் பற்றிய விதியைத் தமிழன் தன் மொழியில் படிக்க இயலாது! அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் பெயர்க்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. மொழியுரிமை மேடையோடு முடிவதன்று. மாசு பற்றிய கோப்பிலும் அது இருக்கிறது.

2023-இல், 'மக்கள் நம்பிக்கை' என்று பொருள்படும் இந்திப் பெயரோடு 'ஜன் விஸ்வாஸ்' சட்டம் நிறைவேறிற்று. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறுவோர்க்கு அதுவரை ஐந்தாண்டு வரை சிறை என்ற அச்சம் இருந்தது. இப்போது பதினாயிரம் ரூபாய் முதல் பதினைந்து இலட்சம் வரை தண்டத்தொகை. அதைக் கட்டத் தவறினால்தான் சிறை. ஆண்டுக் கணக்கில் இழுபடும் வழக்கைவிட விரைவில் விழும் தண்டமே நன்று என்று இதற்கு வாதம் சொல்கிறார்கள். வாதத்தை மறுக்கவில்லை. ஆனால் கோடிகளில் புரளும் ஆலைக்குப் பதினைந்து இலட்சம் தண்டமா, கட்டணமா என்று கேட்கிறோம். தண்டனை கட்டணமாகும்போது குற்றம் வணிகமாகிவிடும்.

மன்றமே மறைப்புக்குத் துணைபோன கதையும் உண்டு. 2017-இல் நிதிச் சட்டத்தின் வழியாகத் தேர்தல் பத்திரங்கள் வந்தன. பண முன்வடிவு என்று பெயர் சூட்டியதால் மாநிலங்களவையின் ஒப்புதல் தேவைப்படவில்லை. எந்தத் தொழில் நிறுவனம் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்பது மக்களுக்குத் தெரியாது. புகைபோக்கிக்கு அனுமதி கேட்பவனும் கட்சிக்குப் பணம் கொடுப்பவனும் ஒருவனேயா என்று அறிய வழியில்லை. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தைச் செல்லாதென்றது. மன்றம் போர்த்திய திரையை நீதிமன்றம் விலக்க வேண்டியிருந்தது.

நம் மாநிலத்துக்கு வாருங்கள். 2015 திசம்பர் வெள்ளத்தைப் பற்றிக் கணக்குத் தணிக்கைத் துறை ஆராய்ந்தது. அது மனிதரால் விளைந்த பேரிடர் என்றது. அந்த அறிக்கை சட்டமன்றத்தின் மேசைக்கு வந்தது 2018 சூலையில்! வெள்ளம் வடிந்து, வீடு காய்ந்து, தேர்தலும் முடிந்த பிறகு. 2017-இல், கடற்கரை வரைபடம் ஒன்றில் எண்ணூர்க் கழிமுகத்தின் பெரும் பகுதியைக் காணவில்லை என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அம்பலப்படுத்தினர். கிணற்றைக் காணோம் என்று காவல் நிலையத்துக்குப் போனவனின் திரைப்பட நகைச்சுவையைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தோம். கோசத்தலையாறு கடலில் கலக்கும் கழிமுகமே தாளில் காணாமற் போனபோது யாரிடம் போய் முறையிடுவது?

முறையிடும் இடம் மன்றமே. அங்கே மனுக்கள் குழு இருக்கிறது. குடிமகன் அதற்கு எழுதலாம். உறுதிமொழிக் குழு இருக்கிறது. "ஆவன செய்வோம்" என்று அமைச்சர் அவையில் சொன்னது ஆயிற்றா என்று பார்ப்பதே அதன் தொழில். பொதுக் கணக்குக் குழு இருக்கிறது. தணிக்கை அறிக்கையை வைத்துக்கொண்டு செயலாளர்களை அழைத்து வினவும் உரிமை அதற்கு உண்டு. மக்களவையில் அந்தக் குழுவுக்கு எதிர்க்கட்சி உறுப்பினரைத் தலைவராக்கும் மரபு 1967 முதல் இருந்து வருகிறது. இருக்கும் கருவி துருப்பிடிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடியும்.

மீதிப் பாதிக்குப் புதிய சட்டம் தேவை. அன்று மூக்கைப் பொத்திய அதே பிரிட்டிசுப் பாராளுமன்றம் 2008-இல் காலநிலை மாற்றச் சட்டம் இயற்றிற்று. ஐந்தைந்து ஆண்டுக்கு இவ்வளவு கரிதான் என்று வரம்பு வகுக்க வேண்டும்; தனித்தியங்கும் அறிஞர் குழு ஆண்டுதோறும் பாராளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும்; அரசு அதற்கு விடை கூறியாக வேண்டும். வரவு செலவுக் கணக்குக் கேட்பதுபோல் கரிக்கணக்குக் கேட்கும் முறை அது. இந்தியாவில் காலநிலைக்கென அத்தகைய தனிச்சட்டம் இல்லை என்பதை, காலநிலைக் கேட்டிலிருந்து காக்கப்படுவதும் குடிமக்களின் உரிமையே என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் 2024-இல் குறிப்பிட்டது. தமிழ்நாட்டில் 2021 முதல் காலநிலைக்கென நிறுவனமும் இயக்கமும் அரசாணைகளால் அமைந்தன. வரவேற்கிறோம். ஆனால் ஓர் அரசாணையை மற்றோர் அரசாணை அழித்துவிடும். சட்டத்தை அழிக்க மன்றத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். அந்த வேறுபாடே ஆட்சி மாறினாலும் மாறாத காவல்.

இளைஞர்களே! இவ்வளவும் படித்துவிட்டு, "ஆம், ஆட்சியாளர் அப்படித்தான்" என்று ஏட்டை மடித்து வைத்தால், நாம் அன்று கூட்டத்திலிருந்து வண்டியேறியதைப் போலத்தான் நீங்களும். ஒரு சிறு வேலையைச் செய்யுங்கள். உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு கரும்பலகை மாட்டுங்கள். நான்கு கட்டம் போதும். நம் ஊரின் கேள்வி என்ன. அதை எந்த உறுப்பினரிடம் எந்த நாளில் கொடுத்தோம். அவர் மன்றத்தில் கேட்டாரா. அமைச்சர் என்ன விடை சொன்னார். விடை வரும்வரை அழிக்காதீர்கள். உறுப்பினர் அந்த வழியே போகும்போதெல்லாம் அவர் கண்ணில் படட்டும். இந்தியாவிலேயே முதன்முதலாக 1997-இல் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. நாடு முழுமைக்குமான சட்டம் 2005-இல் வந்தது. மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். தேநீருக்கு ஆகும் காசில் ஒரு கோப்பைத் திறக்கலாம்.

எங்கள் வட்டாரப் பலகையில் முதற்கேள்வி ஏறிவிட்டது. அம்மையாரின் கேள்விதான் அது: கடந்த ஆண்டில் இத்தொழிற்பேட்டையில் இரவு நேரச் சோதனை எத்தனை முறை நடந்தது, எந்தெந்த நாளில், என்ன கண்டறியப்பட்டது? அதே கேள்வியைத் தகவல் உரிமை மனுவாகவும் அனுப்பியிருக்கிறோம். பழைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்புக்குத் தனி மனு. தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் ஒன்று. மூன்றின் படியையும் அம்மையாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அவர் தாளை வாங்கி மடித்தார். மகிழ்ச்சியும் காட்டவில்லை, சினமும் காட்டவில்லை. "விடை வந்தால் சொல்லுங்கள், ஐயா, வராவிட்டாலும் வந்து சொல்லுங்கள்" என்றார். பிறகு வாசல் திண்ணையைத் துடைக்கத் தொடங்கினார். அன்று அவர் அதைத் துடைத்தது இரண்டாவது முறை.

விடை வந்தாலும் வராவிட்டாலும் போவோம். இம்முறை மறக்க மாட்டோம்.